அப்பத்தா சேலையில ஒரு கால்மிதி

அப்பத்தாவோட சுங்குடிச் சேலை ஆறு, பீரோ அடித்தட்டுல மூணு வருஷமா கெடந்துச்சு. கட்டிக்கவும் ஆளில்ல, தூக்கிப் போடவும் மனசில்ல. போன மாசம் பழைய துணிக்கு பிளாஸ்டிக் குடம் குடுக்குறவங்க தெருவுல வந்தப்ப அம்மா எல்லாத்தையும் எடுத்து திண்ணையில வச்சுட்டாங்க, நான்தான் ஓடிப்போய் திரும்ப உள்ள கொண்டாந்தேன். இத்தனை வருஷம் தொவைச்சு தொவைச்சு அந்தப் பருத்திக்கு வந்திருக்குற மெதுமையை எந்தக் கடையிலயும் காசு குடுத்து வாங்க முடியாதுங்க, தண்ணியையும் கஞ்சி போட்ட புதுத்துணியை விட சட்டுனு குடிக்கும்.

ஒவ்வொண்ணா ஜன்னல் வெளிச்சத்துல விரிச்சுப் பிடிச்சுப் பாத்தேன். சேலை எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி நைஞ்சு போறதில்ல. உக்கார்ற எடமும் தரையில உரசுற கரையும் சல்லடையா ஆயிடும், ஆனா இடுப்புல சொருகுற உள்முனையும் முந்தியும் நல்லா கெட்டியா இருக்கும். அப்பத்தா முந்தியில சில்லறை முடிஞ்சு வைக்கும், ரெண்டு சேலையில அந்த மூலை மட்டும் இன்னும் சுருங்கியே இருக்கு, எத்தனை தடவை நீவிவிட்டாலும் நிமிரல. அதை மட்டும் அப்படியே மடிச்சு வச்சுட்டேன்.

மிச்சத்துல கால்மிதி. ஓரத்துல ரெண்டரை இஞ்ச்சுக்கு ஒரு வெட்டு குடுத்துட்டு கத்தரியை கீழ வச்சுருங்க, கையாலயே கிழிச்சா நூல் போற வாக்குல தன்னால நேரா வரும், கத்தரியால அவ்வளவு நீளம் வெட்டினா கோணிக்கும், கையும் வலிக்கும். துண்டுகளை ஒட்ட ஊசியே வேணாம். ரெண்டு நுனியிலயும் பித்தான் ஓட்டை மாதிரி சின்னதா கீறி, பழைய துண்டோட நுனியை புதுத்துண்டு ஓட்டைக்குள்ள நுழைச்சு, புதுத்துண்டோட வாலை பழசோட ஓட்டை வழியா இழுத்தா அதுவே இறுகிக்கும். மூணு இழை எடுத்து சடை பின்னுற மாதிரி பின்னி, பின்னினதை சுருட்டிச் சுருட்டி பக்கத்து வரிசையோட சேத்து கெட்டி நூலால தைக்கணும்.

நான் முதல்ல செஞ்சது கிண்ணம் மாதிரி குழிஞ்சு போச்சு, அழுகையே வந்துருச்சு, ரெண்டு நாள் வேலை. சுத்தும்போது இறுக்கி இழுத்ததுதான் காரணம். அத்தனையும் பிரிச்சு, தரையில தட்டையா வச்சுகிட்டே, வளைவு வர்ற எடத்துல மட்டும் சடையை கொஞ்சம் தளர்த்தி விட்டு தைச்சப்புறம்தான் படிஞ்சு ஒக்காந்துச்சு. பாத்ரூம் வாசல்ல போட்டிருக்கேன், கருநீலத்துல வெள்ளைப் புள்ளி அங்கங்க தெரியுது, அவ்வளவு அழகு.

ஒண்ணு மட்டும் கவனிச்சுக்கங்க, பாலியெஸ்டர் கலந்த சேலை இதுக்கு ஆகாது, தண்ணி குடிக்காது, டைல்ஸ்ல வழுக்கும். சந்தேகம்னா ஒரு நூலை இடுக்கியில பிடிச்சு கொளுத்திப் பாருங்க, காகிதம் கருகுற வாசம் வந்து சாம்பலா உதிர்ந்தா பருத்தி, உருகி உருண்டையா நின்னா பாலியெஸ்டர்.

பெட்ஷீட்டுக்கு வேற வழி இருக்கு. அது நடுவுலதான் நையும், ஓரம் புதுசாட்டம் இருக்கும். நீளவாக்குல நடுவுல ரெண்டா கிழிச்சு, வெளி ஓரம் ரெண்டையும் உள்பக்கமா கொண்டாந்து சேத்து தைச்சு, நைஞ்ச பக்கத்தை ஓரத்துல மடிச்சு அடிச்சுட்டா இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா ஓடும், நடுவுல தையல் உறுத்தாம இருக்க தட்டையா அமுக்கித் தைக்கணும். துண்டு கிழிஞ்சா கரித்துணி, அதுக்கு ஒண்ணும் சொல்லித்தர வேண்டியதில்ல.

இன்னும் அப்பாவோட எட்டு முழ வேட்டி ரெண்டு இருக்கு. சித்திரை வெயில்ல வத்தல் ஊத்த வேணும்னு அம்மா சொல்லிட்டாங்க, நைஞ்ச வேட்டியிலதான் காஞ்சப்புறம் பின்பக்கம் தண்ணி தெளிச்சா வத்தல் ஒடையாம உரிஞ்சு வரும். அதனால அதுல நான் கை வைக்கல.