பத்து தேங்காயும் ஏழேகால் டி.எம்.சி. தண்ணீரும்

விளையாட்டு விழா, கலோத்சவம் என்ற கலைவிழா, மதியக் கஞ்சியும் பயறும் என்று நம் சங்க மலரில் பலரும் பள்ளி நினைவுகளை எழுதுவார்கள். நான் எட்டாம் வகுப்புத் தமிழ் டிவிஷனில், அதாவது தமிழ் மீடியம் பிரிவில், நடந்த ஆங்கிலப் பயிற்சியைப் பற்றி எழுதுகிறேன். ஒருமை, பன்மை, எண்ணக்கூடிய பெயர்ச்சொல், எண்ண முடியாத பெயர்ச்சொல். கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் துபாயின் ஜபல் அலியில் சரக்குக் கிடங்கு ஒன்றில் பேக்கிங் லிஸ்ட் தயாரிக்கிற எனக்கு, பள்ளியில் படித்ததிலேயே அன்றாடம் கைகொடுப்பது அதுதான்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. நம் சித்தூர் தாலுகா பழைய கொச்சி ராஜ்யத்துப் பகுதி. 1956-ல் கேரளம் உருவானபோது அதோடு சேர்ந்தது. வீட்டில் தமிழ், தாலுகா ஆபீசில் மலையாளம், மாடு வாங்கப் பொள்ளாச்சிச் சந்தை. இந்த இரண்டு மொழியிலுமே எண்ணைச் சொல்லிவிட்டால் பொருளுக்குப் பன்மை விகுதி வேண்டியதில்லை. பத்து தேங்காய் என்றால் போதும். "பத்து தேங்காய்கள் கொடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். அந்தக் காதோடு ஆங்கிலத்துக்குள் போகிற பிள்ளைக்கு 'டென் கோகனட்' என்றுதான் வாயில் வரும். அது சோம்பலோ மந்தமோ இல்லை, தாய்மொழியின் பழக்கம். எங்கள் ஆங்கில டீச்சருக்கு இது தெரிந்திருந்தது. அதனால்தான் அவர் யாரையும் திட்டவில்லை, வாயைப் பழக்கினார்.

பாடப்புத்தகத்தில் 'மெனி', 'மச்' போட்டு நிரப்பச் சொல்லும் கோடிட்ட இடங்கள் கொஞ்சம் இருந்தன. ஒரு தடவை எழுதினால் தீர்ந்தது. டீச்சர் அதை நம்பவில்லை. தினமும் பாடம் தொடங்குவதற்கு முன்னால் பெஞ்சு பெஞ்சாகக் கேள்வி வரும். அவர் ஒரு பெயரைச் சொல்வார். எழுந்து நிற்பவர் முழுக் கேள்வியாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். கோகனட் என்றால் 'ஹவ் மெனி கோகனட்ஸ்', வெல்லம் என்றால் 'ஹவ் மச் ஜாக்கரி'. "எஸ் என் காதில் விழணும் கேட்டோ" என்பார். 'கப்ஸ்' என்னும்போது கடைசி ஒலியில் தொண்டை அதிராது, பைகளைக் குறிக்கும் 'பேக்ஸ்' என்னும்போது அதிரும், 'பாக்ஸ்' என்பது 'பாக்ஸஸ்' ஆகும்போது ஓர் அசையே கூடும். கழுத்தில் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லி இதையெல்லாம் காட்டினார். எந்த கைடு புத்தகத்திலும் இது கிடையாது.

அப்புறம் வீட்டிலிருந்து மளிகைச் சீட்டு கொண்டுவரச் சொன்னார். அம்மாக்கள் தமிழிலும் மலையாளத்திலும் கலந்து எழுதிய சீட்டுகள். அரிசி, மண்ணெண்ணெய், தீப்பெட்டி, சோப்பு, கடலைக்காய், ரொட்டி. ஒவ்வொன்றையும் ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும். தீப்பெட்டி சுலபம், எஸ் சேர்ந்துவிடும். சோப்பு அப்படி வராது. 'டூ பார்ஸ் ஆஃப் சோப்' என்று வெளியிலிருந்து ஓர் அளவு வேண்டும். ரொட்டிக்கு 'லோஃப்', இரண்டானால் 'லோவ்ஸ்'. அரிசிக்குக் கிலோ. நெல்லைப் பறையிலும் நாழியிலும் அளந்து பார்த்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபட்டது. நெல்லை யாரும் எண்ணுவதில்லை, பறையைத்தான் எண்ணுகிறோம்.

இங்கேதான் ஒரு பையன் மடக்கினான். "அப்போ பணத்தை எண்ணுறோமே டீச்சர், அது ஏன் எண்ண முடியாத லிஸ்ட்டுல இருக்கு?" நல்ல கேள்வி. டீச்சர் கைப்பையிலிருந்து சில நோட்டுகளை எடுத்து அவன் கையில் கொடுத்து, ஆங்கிலத்தில் உரக்க எண்ணச் சொன்னார். டென் ருப்பீஸ், ட்வென்டி ருப்பீஸ் என்று எண்ணினான். "நீ எண்ணினது மணியையா, ருப்பீஸையா?" என்று கேட்டார். அவ்வளவுதான், வகுப்புக்கே விளங்கிவிட்டது. எண்ண முடியுமா என்று பொருளைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அந்தச் சொல்லை ஆங்கிலம் எப்படி நடத்துகிறது என்று பார்க்க வேண்டும். நாற்காலியை எண்ணலாம், 'ஃபர்னிச்சர்' எஸ் ஏற்காது. பீன்ஸ் எண்ணப்படும், அதே தட்டில் இருக்கும் ரைஸ் எண்ணப்படாது. ஓட்ஸ் பன்மை, கோதுமையைக் குறிக்கும் வீட் ஒருமை. இரண்டும் தானியம்தானே என்று வாதாடிப் பயனில்லை. 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்', 'லக்கேஜ்', 'ஹோம்வொர்க்' எல்லாம் இந்த வகை. 'பேப்பர்' இரண்டு பக்கமும் போகும்: தாளாக இருந்தால் எண்ண முடியாதது, பரீட்சைத் தாளோ செய்தித்தாளோ ஆனால் 'பேப்பர்ஸ்'.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் தண்ணீர். அந்த வருடம் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. கேரளமும் தமிழ்நாடும் ஆற்று நீரைப் பங்கிட்டுக்கொள்ளும் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தானது. அதன்படி சித்தூர்ப்புழை ஆற்றுப் பாசன நிலங்களுக்கு, அதாவது ஆயக்கட்டுக்கு, ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. அந்த எண்ணை நம் ஊர்க் குழந்தைகூடச் சொல்லும். டீச்சர் அதைக் கரும்பலகையில் விரித்து எழுதினார்: தௌசண்ட் மில்லியன் கியூபிக் ஃபீட். வாட்டர் எண்ண முடியாதது, அடியைப் போட்டு எண்ணுகிறோம். அடியைக் குறிக்கும் 'ஃபுட்' என்பது 'ஃபீட்' ஆகிறது, 'டூத்' 'டீத்' ஆவதுபோல உள்ளே இருக்கும் உயிர் மாறுகிறது. ஆனால் தௌசண்டுக்கும் மில்லியனுக்கும் ஏன் எஸ் இல்லை? முன்னால் எண் நின்றால் அவை எஸ் ஏற்பதில்லை. 'தௌசண்ட்ஸ் ஆஃப் ஃபார்மர்ஸ்' என்று பொதுவாகச் சொல்லும்போது மட்டும் ஏற்கும். டென் ருப்பீஸ் என்கிறோம், அதே பத்து ரூபாய் நோட்டை 'டென்-ருப்பீ நோட்' என்கிறோம். 725 கோடி கன அடித் தண்ணீரை வைத்து இத்தனை இலக்கணத்தை ஒரே மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்த வேறு ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

வகுப்புகளைப் பிரித்த தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த தமிழ் ஐயாவுக்கும் இதில் பங்கு உண்டு. அப்போது அவர் பால்பகா அஃறிணைப் பெயர் நடத்திக்கொண்டிருந்தார். ஆடு மேய்ந்தது, ஆடு மேய்ந்தன: பெயர் மாறவில்லை, ஒன்றா பலவா என்பதை வினை சொல்லிவிடுகிறது. அஃறிணைக்குக் 'கள்' சேர்ந்தும் வரும், சேராமலும் வரும் என்று தொல்காப்பியமே இடம் தருகிறது என்றார். அடுத்த பீரியடில் டீச்சர் 'தி ஷீப் இஸ் கிரேஸிங்', 'தி ஷீப் ஆர் கிரேஸிங்' என்று எழுதியதும், முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி, "ஐயா சொன்ன ஆடுதானே டீச்சர் இது!" என்றாள். டீச்சர் உடனே தட்டியைத் தாண்டிப் போய் ஐயாவைக் கூட்டிவந்து, அந்தச் சூத்திரத்தை எங்கள் பலகையிலேயே எழுதச் சொன்னார். தமிழ் மீடியம் ஆங்கிலத்துக்கு இடைஞ்சல் என்று சொல்பவர்களிடம் நான் இன்றும் இதைத்தான் சொல்கிறேன். தமிழ் இலக்கணம் தெரிந்ததால்தான் எங்களுக்கு 'ஷீப்' புரிந்தது.

என் வேலையில் 'ஃபர்னிச்சர்ஸ் – 12' என்று சீட்டு வந்தால் பன்னிரண்டு நாற்காலியா, பன்னிரண்டு பெட்டியா, பன்னிரண்டு செட்டா என்று தெரியாது. லாரி வாசலில் நிற்கும், போன் போட்டுக் கேட்க வேண்டும். எக்விப்மென்ட், மெஷினரி, ஸ்டேஷனரி, எதற்கும் எஸ் கிடையாது. பீஸ், கார்ட்டன், பேலட் என்று அளவைச் சொல்லியே ஆக வேண்டும். சரக்கைக் குறிக்கும் 'குட்ஸ்' மட்டும் எப்போதும் எஸ்ஸோடுதான் வரும். வேலைக்கு வரும் புதிய பையன்களுக்கு நானும் டீச்சர் மாதிரி வாய்விட்டுக் கேள்வி கேட்டுத்தான் பழக்குகிறேன்.

டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். நம் சங்கம் தமிழ் டிவிஷன் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பயிற்சிப் புத்தகம் வாங்கித் தருவது பற்றிப் பேசுகிறது. வாங்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கோடிட்ட இடத்தை நிரப்பும் புத்தகம் மட்டும் போதாது. மளிகைச் சீட்டு போல நிஜமான சீட்டுகள் வேண்டும். ஹோட்டலில் இருப்பவர்கள் காய்கறி, இறைச்சி வாங்கும் பட்டியலையும், ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் ஸ்டோரில் பொருள் கேட்டு எழுதும் இன்டென்ட் சீட்டையும், கட்டட வேலையில் இருப்பவர்கள் சிமெண்ட், மணல், கம்பிக் கணக்கையும் அனுப்புங்கள். கம்பெனி பெயரையும் விலையையும் அடித்துவிடுங்கள். மலர்க் குழுவுக்கு வந்து சேர்ந்தால் நான் வகை பிரித்து வைக்கிறேன். விடுமுறைக்குப் போகும்போது இப்போதைய ஆங்கில ஆசிரியரிடம் கொடுத்து, பெஞ்சு பெஞ்சாகக் கேட்கும் முறையையும் சொல்லிவிட்டு வருகிறேன்.