எண் பொறிக்காத இரும்பு வட்டு: பட்டறை நாட்குறிப்பு

2024 ஜூன் 9, ஞாயிறு

திருச்சியில் பழைய இரும்பு வாங்கி விற்கும் கடை ஒன்றில், மூடப்பட்ட ஒரு கொல்லுப்பட்டறையிலிருந்து வந்த குவியலுக்குள் கிடந்த கருவி ஒன்றை இன்று எடைக்கு வாங்கினேன். ஒரு சாண் அகலமுள்ள தட்டையான இரும்பு வட்டு, அதன் நடுவே ஓர் ஆணி, அந்த ஆணியை இருபுறமும் கவ்விக்கொண்டு நிற்கும் கைப்பிடி ஆகியவைதான் அதன் உறுப்புகள். வட்டின் விளிம்பு இருபக்கமும் சரித்துத் தேய்க்கப்பட்டிருக்கிறது. ஆயினும் அது கூர்மையாக இல்லை. விளிம்பருகே உளியால் வெட்டிய ஒரே ஒரு சிறு கோடு தெரிகிறது. செய்தவர் பெயரோ, ஊரோ, ஆண்டோ, எண்ணோ எங்கும் இல்லை.

தகடு வெட்டும் சக்கரமாக இருக்கும் என்றார் கடைக்காரர். வெட்டும் கருவியென்றால் அதன் விளிம்பைக் காய்ச்சித் தோய்த்து, அதாவது துவைச்சல் கொடுத்துக் கடினமாக்கியிருக்க வேண்டும். ஆனால் அரத்தை மெல்ல வைத்தபோதே அது இரும்பைக் கடித்தது. ஆகவே இது எதையும் வெட்டுவதற்காகச் செய்யப்பட்டதன்று. கப்பி என்று கொள்ளவும் வழியில்லை, கயிறு ஓடுவதற்கான பள்ளம் இல்லை. தோலிலும் துணியிலும் புள்ளி இடும் சக்கரத்துக்குப் பற்கள் இருக்கும். இதன் விளிம்போ வழவழப்பானது. எதையாவது ஒட்டி உருள்வது மட்டுமே இதன் தொழிலாக இருக்க முடியும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

ஜூன் 12, புதன்

துருவை நீக்குவதற்குத் தேய்ப்புக்கல்லைத் தொடவில்லை. விளிம்பில் ஒரு மயிரிழை குறைந்தாலும் கருவி சொல்ல வந்த செய்தி அழிந்துவிடும் என்று தோன்றியது. சலவைச் சோடா கரைத்த நீரில் அதை மூழ்கவைத்து, எதிர்முனையை அதற்கும் நேர்முனையை ஒரு பழைய இரும்புத் தகட்டுக்கும் கொடுத்து, பேட்டரி சார்ஜர் மூலம் மின்சாரம் செலுத்தினேன். (நேர்முனையில் எவர்சில்வர் தகட்டைத் தொங்கவிடக் கூடாது, அதிலிருந்து கரையும் குரோமியம் நஞ்சாகும்.)

துரு கழன்ற பிறகு கைப்பிடியின் மேல் மரத்தின் நார்களைப் போல நீளவாட்டில் ஓடும் வரிகள் வெளிப்பட்டன. அது வார்க்காமல் அடித்தே செய்யும் இரும்பான தேனிரும்பின் அடையாளம். உருக்கும்போது உள்ளே தங்கிவிடும் கசடு, அடித்து நீட்டப்படுகையில் இழை இழையாகப் படிந்து, துரு அரிக்கும்போது இப்படி வெளியே தெரியும். 1856-இல் பெசிமரின் முறை வந்தபின் மலிவான எஃகு சிறிது சிறிதாகத் தேனிரும்பின் இடத்தைப் பிடித்தது என்றாலும், இருபதாம் நூற்றாண்டிலும் தேனிரும்பு செய்யப்பட்டு வந்ததால், இதை மட்டும் கொண்டு கருவிக்கு வயது குறிப்பது சரியாகாது. இது ஒரு கொல்லர் தம் உலைக்களத்தில் தாமே அடித்துச் செய்துகொண்ட கருவி என்பதே என் எண்ணம். தமக்கென்று செய்ததில் பெயர் பொறிக்க அவருக்கு என்ன தேவை இருந்திருக்கும்?

ஜூன் 16, ஞாயிறு

இன்று வட்டின் விட்டத்தை அளந்தேன். 194 மில்லிமீட்டர் வந்தது. அங்குலத்திலும் அது முழு எண்ணாக வரவில்லை. பிறகு சுற்றளவைக் கணக்கிட்டேன். 609 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அதாவது இரண்டு அடி. செய்தவர் விட்டத்தைப் பொருட்படுத்தவில்லை, ஒரு சுற்று உருண்டால் இரண்டு அடி கடக்க வேண்டும் என்பதையே குறியாகக் கொண்டிருக்கிறார். அதோடு ஐயம் தீர்ந்தது. வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா கட்டுவோர் பயன்படுத்திய உருள் அளவி இது. ஆங்கிலேயக் கொல்லர்கள் இதை ட்ராவலர் என்பார்கள்.

இதன் வேலை முறை மிக அழகானது. மரச்சக்கரத்தின் வெளிவிளிம்பு மரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு இட்டு, வட்டின் உளிக்கோட்டை அதனோடு பொருத்தி, சுற்றி உருட்டிக்கொண்டே எத்தனை சுற்று என்று எண்ணி, மிச்சம் நின்ற இடத்தில் வட்டின்மேல் இன்னொரு சுண்ணாம்புக் குறி இட வேண்டும். அதே எண்ணிக்கையை, அதே மிச்சத்தை, பட்டாவுக்கான இரும்பின்மேல் உருட்டினால் நீளம் கிடைத்துவிடும். அடிக்கோலோ கணக்கோ தேவையில்லை.

எண் பொறிக்காததைக் குறையாக நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கை எழுதி வைக்கிறேன். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 4.71 மீட்டர், இந்த வட்டு அதில் ஏழு சுற்றுக்கு மேல் உருளும். வட்டின் விட்டம் தேய்ந்து ஒரு மில்லிமீட்டர் குறைந்திருந்தால், ஒரு சுற்றுக்கு இரண்டு அடி என்ற எண்ணை நம்பி அடியாக மாற்றும்போது மொத்தத்தில் சுமார் 24 மில்லிமீட்டர் பிழை வரும். மரத்தையும் இரும்பையும் அதே வட்டால் உருட்டி ஒப்பிட்டாலோ, இரு பக்கமும் பிழை ஒன்றாகவே இருப்பதால் வேறுபாடே வராது. எண்ணை விலக்கியதால்தான் இந்தக் கருவி இவ்வளவு நம்பகமானது.

ஜூன் 23, ஞாயிறு

லால்குடிப் பக்கம் இருக்கும் முதிய ஆசாரி ஒருவரிடம் வட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கியதும் திண்ணை விளிம்பில் உருட்டிப் பார்த்துவிட்டு, "பட்டா அளக்குறது தம்பி, இதைச் சாய்க்காம உருட்டணும், சாஞ்சா அளவு போச்சு" என்றார். டயர் வண்டிகள் வந்தபிறகு பட்டா கட்டும் வேலை குறைந்துபோயிற்று என்றும் சொன்னார்.

அவர் சொன்னதிலிருந்து நான் விளங்கிக்கொண்ட முக்கியமான செய்தி, பட்டாவின் தடிமனைப் பற்றியது. இரும்பை வளைக்கும்போது வெளிப்புறம் நீளும், உட்புறம் சுருங்கும், நடுப்பகுதி மட்டுமே பழைய நீளத்தில் நிற்கும். ஆகவே வட்டு காட்டிய நீளத்தோடு தடிமனைப்போல் மூன்று மடங்கும் சற்று அதிகமும் கூட்ட வேண்டும். 12 மில்லிமீட்டர் தடிமனுக்கு அது ஏறத்தாழ 38 மில்லிமீட்டர். பற்றவைப்பதற்காக முனைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் நீளம் தனிக்கணக்கு. இறுதியில், பட்டா இறுகிப் பிடிப்பதற்காக ஒரு சிறு அளவைக் கழிக்க வேண்டும். சக்கரத்தின் விளிம்பு மரத்துண்டுகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி விடப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து அது வண்டிக்கு வண்டி மாறும்.

வறட்டி அடுக்கிக் காய்ச்சும்போது வெப்பம் 500 டிகிரி உயர்ந்தால், 4.71 மீட்டர் பட்டா சுமார் 28 மில்லிமீட்டர் நீளும். அந்த நீட்சிக்குள்தான் முழு வேலையும் நடந்தாக வேண்டும். நீர் ஊற்றியதும் பட்டா சுருங்கி, விளிம்பு மரத்துண்டுகளை ஒன்றோடொன்று நெருக்கி, ஆரக்கால்களைச் சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்துக்குள் அழுத்துகிறது. நான் மேலே எழுதிய 24 மில்லிமீட்டர் பிழை எவ்வளவு பெரியது என்பது இந்த எண்ணோடு சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்.

ஜூலை 4, வியாழன்

வண்டிச் சக்கரம் எதுவும் என் பட்டறைக்கு வரப்போவதில்லை. ஆனால் பிளந்துபோன மர உரல் ஒன்று வந்தது. அதன் வாய்ப்பகுதிக்கு இரும்புப் பூண் போட வேண்டும். ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் குறுக்களவு இருந்தாலும் அது சரியான வட்டமாக இல்லை. இவ்விடத்தில் விட்டத்தை அளந்து சுற்றளவைக் கணக்கிடுவது வீண். வட்டை நிமிர்த்திப் பிடித்து உருட்டினேன். இரண்டு சுற்றும் சிறிது மிச்சமும் வந்தன. 5 மில்லிமீட்டர் பட்டை இரும்புக்காக 16 மில்லிமீட்டர் கூட்டி, இறுக்கத்துக்காக நான்கு மில்லிமீட்டர் கழித்து வளைத்து, முனைகளைப் பற்றவைத்தேன். வளையத்தின் உட்புறத்திலும் உருட்டிச் சரிபார்த்தேன். நாடா அளவியை வளையத்தின் உட்புறத்தில் ஒட்டிப் பிடிப்பது கடினம்; இந்த வட்டுக்கு அந்தச் சிரமம் இல்லை. காய்ச்சி இறக்கிய பூண் நீர் பட்டதும் பிளவை முழுவதும் மூடிவிட்டது.

வளைந்த கேட்டின் மேற்கம்பிக்கும், கோணல் மேசையின் விளிம்புச் சட்டத்துக்கும் இதே முறையைக் கையாளலாம். உள்வளைவை அளக்கும்போது மட்டும், வளைவின் ஆரம் வட்டின் ஆரத்தைவிடப் பெரிதாக, அதாவது 97 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். அதைவிட நெருங்கிய வளைவுகளுக்காக, இதன் பாதி அளவில் இன்னொரு வட்டை அடிக்கத் தொடங்கியிருக்கிறேன்.