முன்பதிவு மேசையில் ஒரு குளிர்காலம்

2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் திவாலானபோது, நான் கொலராடோ மாநிலத்தின் பிரெக்கென்ரிட்ஜில், பனிச்சறுக்குக்கு வருபவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் முன்பதிவு மேசையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் 9,600 அடி உயரத்தில் இருக்கிறது. நியூயார்க்கில் ஒரு வங்கி விழுந்தால் இந்த மலைக்கு என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் அன்று நினைத்தேன்.

அக்டோபரிலேயே தெரிந்துவிட்டது. டெக்சாஸிலிருந்து ஆண்டுதோறும் வரும் குடும்பங்கள் ஏழு இரவு கேட்பார்கள். இப்போது நான்கு கேட்டார்கள், பிறகு மூன்று. கிறிஸ்துமஸுக்கான அறையை ஆகஸ்டிலேயே எடுத்துவைப்பவர்கள் டிசம்பர் இரண்டாம் வாரம் வரை காத்திருந்து பேரம் பேசினார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்பே, நான்காவது இரவு இலவசம் என்று நாங்கள் சொல்ல ஆரம்பித்தோம்.

ஆனால் ஜன்னல் வழியே பார்த்தால் மலையில் கூட்டம்! பல வாரங்கள் எனக்கு இது பிடிபடவே இல்லை. அந்த ஆண்டு வசந்தத்தில்தான், இந்த மலையின் சறுக்குத் தலத்தை நடத்தும் வெய்ல் (Vail) ரிசார்ட்ஸ் நிறுவனம், பருவம் முழுக்கச் சறுக்க உதவும் 'எபிக் பாஸ்' என்ற சீசன் பாஸை 579 டாலருக்கு விற்கத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் டிக்கெட்டே 90 டாலரை ஒட்டி இருந்த காலம் அது. என்னிடம் பேசியவர்களில் பலர் நிதி நெருக்கடி வெடிப்பதற்கு முன்பே பாஸுக்குப் பணம் கட்டியிருந்தார்கள். கட்டிய பணம் வீணாகக் கூடாது என்று டென்வரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, ஐசனோவர் சுரங்கப்பாதையைத் தாண்டி வந்து சறுக்கிவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். மதியம் வாகன நிறுத்துமிடத்தில் காரின் பின்கதவைத் திறந்துவைத்து, கனத்த சறுக்குக் காலணியைக்கூடக் கழற்றாமல், வீட்டிலிருந்து சுற்றி எடுத்துவந்த சாண்ட்விச்சைக் குடும்பமாக நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். அவர்களுக்கு அறையும் வேண்டாம், உணவகமும் வேண்டாம், பயிற்சியாளரும் வேண்டாம்.

2007-08 பருவத்தில் அமெரிக்கப் பனிச்சறுக்குத் தலங்களில் பதிவான வருகைகளின் எண்ணிக்கை சுமார் 6.05 கோடி, அடுத்த பருவத்தில் 5.74 கோடி. ஐந்து சதவீதச் சரிவுதான். இதைக் காட்டி, இந்தத் தொழில் எந்த மந்தத்தையும் தாங்கிவிடும் என்று பேசியவர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஒருவர் ஒரு நாள் மலைக்கு வந்தால் அது ஒரு வருகை, அவ்வளவுதான். இரவு அவர் எங்கே தங்கினார், எங்கே சாப்பிட்டார் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது. நாங்கள் பிழைத்ததோ அதை நம்பித்தான்.

சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றிச் செல்லும் லிஃப்டில் நாற்காலிகள் காலியாகப் போனாலும் மின்சாரச் செலவு பெரிதாகக் குறையாது. இரவு முழுக்கப் பனியைச் சமப்படுத்தும் வண்டிக்கு டீசல் ஊற்றித்தான் ஆகவேண்டும். குறைக்க முடிந்தது ஆட்களின் வேலை நேரத்தை மட்டும்தான். ஜனவரி முதல் வாரத்தில் துப்புரவுப் பிரிவின் அறிவிப்புப் பலகையில் ஐந்து நாள் வேலை மூன்று நாளானது. ஜனவரி கோடைக்காலமாக இருக்கும் பெரு நாட்டிலிருந்து, கல்லூரிக் கோடை விடுமுறையில் வேலைக்கு வந்திருந்த மாணவி ஒருத்தி அந்தத் தாளில் தன் பெயர் வரும் கட்டங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். விமான டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் அவள் வீட்டில் கடன் வாங்கியிருந்தார்கள். நான்கு பேர் படுக்கும் அறையில் அவளுடைய பங்கு வாடகை மட்டும் குறையவில்லை.

அதே மாதம் டாலஸிலிருந்து ஒருவர் அழைத்தார். என் பெயரைக் கேட்டதும் தயங்கி, "தம்பி, நீங்கள் தமிழா?" என்றார். பிப்ரவரியில் நான்கு இரவுக்கு முன்பணம் கட்டியிருந்தார். "ப்ராஜெக்டை மூடிவிட்டார்கள். பனி பார்க்கப் போகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருந்தேன்" என்றார். முன்பணத்தைத் திருப்பித் தர விடுதியின் விதியில் இடமில்லை. மேலாளரிடம் இரண்டு முறை போய்க் கெஞ்சி, அடுத்த குளிர்காலம் வரை அது செல்லும் என்று எழுதி வாங்கினேன். "போதும் தம்பி, வருகிறோம்" என்றார்.

அடுத்த நவம்பரில் நானே அவரை அழைத்தேன். அந்த எண் பயன்பாட்டில் இல்லை. பருவம் முடியும்வரை அந்தத் தொகை அவர் பெயரிலேயே இருந்தது.