பதினாலு பேர் எழுதிய பெயர்

"சாமி எங்கம்மா?"

பார்த்தினான் கோயில் முன்னால் நின்று என் மகள் கேட்ட முதல் கேள்வி இது. ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கிரேக்கக் கடவுள்களில் யாருக்கு யார் பிள்ளை, யார் கையில் என்ன ஆயுதம், யார் யாரை எப்படி ஏமாற்றினார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். நான் ஊரில் நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். காலாண்டு விடுமுறையையும் இரண்டு வருடம் கட்டிய சீட்டுப் பணத்தையும் நம்பி, நாங்கள் இருவரும் ஏதென்ஸ் வந்திருந்தோம்.

கோயிலுக்குள் சாமி இல்லை. பீடியாஸ் என்ற சிற்பி தங்கத்திலும் தந்தத்திலும் செய்த அதீனா சிலை, கிட்டத்தட்ட 40 அடி உயரம், எந்தக் காலத்திலோ அழிந்துவிட்டது. 1687-இல் வெனிஸ் படை வீசிய குண்டு, துருக்கியர் உள்ளே அடுக்கி வைத்திருந்த வெடிமருந்தில் விழுந்து கோயிலின் நடுப்பகுதியே சிதறிப்போனது. மிஞ்சிய சிற்பங்களில் பாதிக்குப் பக்கம் இப்போது லண்டனில் இருக்கின்றன. இதையெல்லாம் சொன்னால் அவள் முகம் இன்னும் வாடிவிடும் என்று கையைப் பிடித்து எரெக்தியான் கோயில் பக்கம் கூட்டிப் போனேன். அங்கே சுவரோரம் ஒரு ஒலிவ மரம் நிற்கிறது.

மரத்தைப் பார்த்ததும் கதையை அவளே ஆரம்பித்துவிட்டாள். இந்த ஊர் யாருக்கு என்று அதீனாவுக்கும் கடல் தெய்வம் பொசைடனுக்கும் போட்டி. பொசைடன் திரிசூலத்தால் பாறையைக் குத்த, உப்புநீர் பொங்கியது. அதீனா ஒலிவ மரத்தை முளைக்க வைத்தாள். "உப்புத் தண்ணிய வச்சு என்னம்மா பண்றது? குடிக்கவா முடியும்?" என்று தீர்ப்பும் அவளே சொன்னாள்.

நான் சேர்த்துச் சொன்னது கொஞ்சம்தான். ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிகா வறண்ட, மெலிந்த மண். கோதுமைக்குக் கருங்கடல் பக்கமிருந்து கப்பலை எதிர்பார்த்து நின்ற ஊர் இது. அந்த மண்ணில் தைரியமாக வேர் பிடித்தது ஒலிவம். சமையலுக்கும் விளக்குக்கும் உடம்பில் தேய்த்துக்கொள்ளவும் அதன் எண்ணெய்தான். அதீனாவுக்கு எடுத்த பெருவிழாவில் ஓட்டத்தில் ஜெயித்தவனுக்குக்கூட சாடி சாடியாக எண்ணெய்தான் பரிசு. பொ.ஆ.மு. 480-இல் பாரசீகர்கள் இந்தக் குன்றுக்குத் தீ வைத்தபோது மரமும் எரிந்தது, மறுநாளே கருகிய அடிமரத்தில் ஒரு முழத்துக்குத் துளிர் விட்டிருந்தது என்று அந்தக் கால வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். இப்போது நிற்பது போன நூற்றாண்டில் நட்ட மரம். அதே இடத்தில் மறுபடி மறுபடி நட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

மறுநாள் காலை அகோராவுக்கு இறங்கினோம். உண்மையைச் சொன்னால் நான் ஏதென்ஸ் வந்ததே இதற்காகத்தான். அகோரா பழைய ஏதென்ஸின் சந்தை. சந்தை மட்டுமல்ல, நீதிமன்றம், ஆலோசனை மன்றம், ஊர் வம்பு பேசும் திண்ணை எல்லாமே அங்கேதான். பிரேயஸ் துறைமுகத்துக்குப் போகும் மின்சார ரயில் இன்று அதன் வடக்கு ஓரத்தை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. மேற்கு மேட்டில் கொல்லர் தெய்வம் ஹெஃபைஸ்டஸின் கோயில், 34 வெளித்தூண்களும் நின்ற நிலையில். ஒரு காலை இழுத்து நடக்கும் தெய்வம் அது. அக்கம்பக்கமெல்லாம் உலைக்களங்கள் இருந்திருக்கின்றன. "பட்டறைக்காரங்க நடுவுல பட்டறைச் சாமி" என்றாள் மகள். பார்த்தினானில் தொங்கியிருந்த முகம் தெளிந்தது இங்கேதான்.

எதிர்ப்பக்கத்தில் அட்டாலஸ் மண்டபம். பெர்கமான் அரசர் இரண்டாம் அட்டாலஸ் பொ.ஆ.மு. இரண்டாம் நூற்றாண்டில் ஏதென்ஸுக்குக் கட்டிக் கொடுத்தது. அடியோடு இடிந்து கிடந்ததை 1950-களில் பழைய அடித்தளத்தின் மேலேயே எழுப்பி அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். உள்ளே ஒரே நீளக் கூடம். பெரிய சிலைகளுக்காகக் கூட்டம் கூடுகிற இடமல்ல. பெரும்பாலும் கைக்கு அடக்கமான பொருட்கள். பிள்ளைகளை அழைத்து வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டச் சொல்வது இந்தக் கூடத்தைத்தான்.

மகள் நின்ற முதல் பெட்டியில் ஒரு மண்பாண்டம். மேலே தொட்டி மாதிரி, முன்னால் கால் விட ஓட்டை. குழந்தையை உட்கார வைத்து 'போக' வைக்கும் பாண்டம்! 2,500 வருடத்துக்கும் முந்தையது. எந்த அம்மாவோ அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, "உம்... உம்..." என்று சொல்லியிருப்பாள். பிளேட்டோவையும் பெரிகிளீஸையும் எத்தனை தடவை நடத்தினாலும் வராத நெருக்கம் அந்த ஓட்டைப் பார்த்ததும் வந்துவிட்டது.

அடுத்துத்தான் அந்தச் சில்லுகள்.

"அம்மா, நொண்டி ஆடுற சில்லு!"

அப்படித்தான் இருந்தன. உடைந்த பானை ஓடுகள். சில, குடிகோப்பையின் வட்டமான அடிப்பாகம். எடுத்துக் கட்டம் போட்டு எறிந்து ஆடலாம்போல. ஒவ்வொன்றிலும் கூர்முனையால் ஒரு பெயர் கீறியிருக்கிறது. எழுத்துகள் நேராக நிற்கவில்லை. வட்டத்தின் விளிம்போடு சேர்ந்து வளைந்து ஓடுகின்றன. சிலவற்றில் இடம் போதாமல் கடைசி எழுத்து கீழே இறங்கியிருக்கிறது. கறுப்புப் பூச்சு கீறலில் விட்டுப்போய் அடியில் செம்மண் நிறம் தெரிகிறது. நேற்று ஆணியால் கீறியதுபோலப் புதிதாக இருக்கிறது.

ஓடு என்பதற்கு அவர்கள் சொல் ஓஸ்ட்ராகான். அதிலிருந்து வந்ததுதான் ஓஸ்ட்ராகிசம். வருடத்துக்கு ஒருமுறை மக்கள் சபையில் ஒரு கேள்வி எழும்: இந்த வருடம் யாரையாவது ஊரைவிட்டு அனுப்ப வேண்டுமா? வேண்டும் என்று முடிவானால், குறித்த நாளில் அகோராவில் வேலி கட்டி, பத்துக் குலப்பிரிவுக்கும் பத்து வழி விடுவார்கள். ஆளுக்கொரு ஓட்டில், ஊருக்கு ஆபத்தாகிவிடுவான் என்று தான் நினைக்கிறவன் பெயரை எழுதிப் போட வேண்டும். மொத்தம் 6,000 ஓடாவது விழ வேண்டும். அதிகம் பேர் எழுதிய பெயருக்குரியவர் பத்து நாளில் கிளம்பிவிட வேண்டும், பத்து வருடம் திரும்பக் கூடாது. குற்றச்சாட்டு கிடையாது, விசாரணை கிடையாது, தண்டனையும் கிடையாது. சொத்து அவருடையதாகவே இருக்கும். குடியுரிமையும் போகாது. முதன்முதலில் இது நடந்தது பொ.ஆ.மு. 487-இல். சர்வாதிகாரி ஒருவன் மறுபடி தலையெடுத்துவிடக் கூடாது என்ற பயத்தில் பிறந்த வழக்கம். ஓட்டில் போட்ட ஓட்டு.

ஒரு சில்லை மகளுக்கு எழுத்துக் கூட்டிக் காட்டினேன். முதல் எழுத்து சக்கரம் மாதிரி, வட்டத்துக்குள் ஒரு குறி. அதுதான் 'த' ஒலி. தெ-மிஸ்-தொ-க்ளேஸ். பக்கத்தில் நெயொக்ளெஸ் என்று இன்னொரு பெயர். அது அப்பா பெயர். "இனிஷியலா?" என்றாள். ஆமாம், நம்மைப் போலவே அப்பா பெயரைச் சேர்த்தால்தான் ஆள் யாரென்று தெரியும்.

தெமிஸ்தொக்ளேஸ் யார் என்று தெரிந்தால் அந்தச் சில்லு கனக்கும். பொ.ஆ.மு. 483 வாக்கில் லாரியன் சுரங்கத்தில் வெள்ளி ஏராளமாகக் கிடைத்தபோது, ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றது ஊர். வேண்டாம், போர்க்கப்பல் கட்டுவோம் என்று பேசி ஜெயித்தவர் இவர். மூன்றே வருடத்தில் பாரசீகப் படை வந்தது. ஊர் எரிந்தது. ஆனால் சலாமிஸ் நீரிணையில் அந்தக் கப்பல்கள்தான் ஏதென்ஸைக் காப்பாற்றின. ஒரு கப்பலுக்கு 170 துடுப்புக்காரர்கள், பெரும்பாலும் நிலமில்லாத ஏழைகள். ஊரைக் காத்தது தாங்கள்தான் என்று தெரிந்த பிறகு அவர்கள் குரலுக்கும் கனம் கூடியது. அப்படிப்பட்டவரைப் பத்து வருடம்போல் கழித்து அதே ஊர் ஓட்டில் பெயர் எழுதி அனுப்பிவிட்டது. அலைந்து திரிந்து கடைசியில் அவர் போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? தான் தோற்கடித்த பாரசீக அரசனின் மகனிடம். அங்கேதான் அவர் வாழ்க்கை முடிந்தது.

அதைவிடப் பெரிய செய்தி அடுத்த குறிப்பில் இருந்தது. 1937-இல், பார்த்தினான் நிற்கும் குன்றான அக்ரோபோலிஸின் வடக்குச் சரிவில் ஒரு பழைய கிணற்றைத் தோண்டியபோது 190 சில்லுகள் ஒன்றாகக் கிடைத்தன. எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே பெயர்தான். எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் 190-ஐயும் எழுதியது மொத்தம் பதினாலு கைகள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். வீட்டுப்பாடத்தை ஒருத்தி எழுதி நாலு பேர் நோட்டில் ஒட்டியதை எத்தனை தடவை பிடித்திருக்கிறேன்! ஒரே கை எழுதியதை டீச்சர் கண் விடாது. இவை வாக்களிக்க வந்தவர்களிடம் நீட்டுவதற்காக ஒரு கூட்டம் உட்கார்ந்து முன்கூட்டியே எழுதி வைத்தவை என்பதுதான் ஆய்வாளர்களின் கருத்து. எழுதத் தெரியாதவன் எதையும் கேட்காமல் வாங்கிப் போட்டுவிடலாம்.

எழுதத் தெரியாதவன் என்றதும் அரிஸ்டைடீஸ் கதையை மகளுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பல நூற்றாண்டு கழித்து புளூட்டார்க் என்ற கிரேக்க எழுத்தாளர் எழுதியது. 'நீதிமான்' என்று பெயரெடுத்த அரிஸ்டைடீஸிடம், அவர் யாரென்று தெரியாத ஒரு கிராமத்து ஆள் தன் ஓட்டை நீட்டி, "இதில் அரிஸ்டைடீஸ் என்று எழுதிக் கொடு" என்றானாம். "அவர் உனக்கு என்ன கெடுதல் செய்தார்?" "ஒன்றும் இல்லை. ஆளையே தெரியாது. எங்கே போனாலும் நீதிமான் நீதிமான் என்று கேட்டுக் காது புளித்துவிட்டது." அவர் பதில் பேசாமல் தன் பெயரை எழுதிக் கொடுத்தார். பொ.ஆ.மு. 482-இல் அவர் ஊரைவிட்டுப் போனது வரலாறு. இந்த உரையாடல் நடந்ததா என்பது வேறு விஷயம். மகள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "வேற பேரு எழுதிக் குடுத்திருக்கலாம்ல? அவனுக்குத்தான் படிக்கத் தெரியாதே" என்றாள். அந்தக் கதையின் உயிரை ஒரே வரியில் பிடித்துவிட்டாள்.

மற்ற பெட்டிகளையும் பார்த்தோம். வரிசை வரிசையாகக் காடி வெட்டிய பளிங்குப் பலகை. பெயர்த் தகடுகளைச் செருகி, குழாய் வழியே கறுப்பும் வெள்ளையுமாகக் குண்டுகளை விட்டு, அன்றைய நீதிமன்றத்துக்கு யார் யார் என்று குலுக்கிப் போட்ட கருவி. ஆறு நிமிடம் தண்ணீர் ஒழுகும் பானை. தண்ணீர் தீர்ந்தால் பேச்சை முடிக்க வேண்டும். நடுவில் அச்சு வைத்த வெண்கல வட்டுகள், தீர்ப்புக்கு. அச்சு கெட்டியாக இருந்தால் விடுதலை, துளையாக இருந்தால் குற்றவாளி. இரு முனையையும் விரலால் மூடிப் பிடித்துப் போட்டால் பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. ரகசிய வாக்கு விரல் நுனியில் இருந்திருக்கிறது. இப்படி ஒரு நீதிமன்றம்தான் பொ.ஆ.மு. 399-இல் எழுபது வயது சாக்ரடீஸுக்கு நஞ்சைத் தீர்ப்பாக எழுதியது. சிறை என்று சிலர் கருதும் கட்டடத்தில் கிடைத்த சிறு குப்பிகளும் அங்கே இருக்கின்றன. நான் அவற்றின் முன்னால் அதிக நேரம் நிற்கவில்லை.

சாயங்காலம், எள் தூவிய குலூரி ரொட்டி வளையத்தைக் கடித்துக்கொண்டே பினிக்ஸ் குன்றுக்கு நடந்தோம். மக்கள் சபை கூடிய இடம். அக்ரோபோலிஸில் கால் வைக்க இடமில்லை, இங்கே நாலைந்து பேர்தான். பாறையில் வெட்டிய பேச்சு மேடை, முன்னால் வெறும் சரிவு. முக்கியமான முடிவுகளுக்கு 6,000 பேர் இருக்க வேண்டும். அந்த 6,000 பேரில் யாரும் எழுந்து பேசலாம்.

"நீயும் இங்க வந்து பேசியிருப்பியாம்மா?"

இல்லை. நானும் வர முடியாது, நீயும் வர முடியாது. பெண்களுக்கு இடமில்லை. வெளியூரிலிருந்து வந்து தலைமுறையாகத் தங்கிவிட்டவர்களுக்கு இல்லை. அடிமைகளுக்கு இல்லவே இல்லை. கப்பல் கட்டிய அந்த வெள்ளியை லாரியன் பூமிக்குள் இறங்கித் தோண்டி எடுத்தவர்கள் அடிமைகள். உன் வயதுப் பெண்பிள்ளைகளுக்கு ஊரில் இருந்த பெரிய கௌரவம் என்ன தெரியுமா? ஏழிலிருந்து பதினொரு வயதுக்குள் பெரிய வீட்டுச் சிறுமிகள் சிலரைத் தேர்ந்தெடுத்து, அக்ரோபோலிஸில் தங்க வைத்து, அதீனாவுக்குச் சாத்தும் ஆடையை நெய்யத் தொடங்க விடுவார்கள். "எனக்குப் பன்னெண்டு ஆயிடுச்சு, அதுவும் கிடையாதா?" என்று கேட்டாள். சிரிக்கவில்லை, கோபமாகத்தான் கேட்டாள். 'மக்களாட்சி தோன்றிய இடம் ஏதென்ஸ்' என்று பலகையில் எழுதி, கோடிட்டு, அடுத்த பாடத்துக்குப் போய்விடும் என் பழக்கம் அந்தப் பாறையில் நின்றபோது எனக்கு உறுத்தியது. அந்த வரியோடு இவளுடைய கோபத்தையும் சேர்த்து நடத்த வேண்டும்.

கடைசி நாள் கடைவீதிக்குப் போகலாம் என்று வைத்திருந்தோம். காலையில் எழுந்ததும் மகள், "அந்தச் சில்லைத் திரும்பப் பாக்கணும்" என்றாள். திரும்ப டிக்கெட் எடுத்து உள்ளே போனோம். நோட்டைத் திறந்து, கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்த ஒவ்வொரு சில்லையும் வட்டம் போட்டு, எழுத்தை அப்படியே பார்த்து வரைந்தாள். ஒருவன் 'த'வின் வட்டத்தை மூடாமலே விட்டிருக்கிறான். இன்னொருவன் எல்லா எழுத்தையும் இடப்பக்கம் சாய்த்திருக்கிறான். ஒரு மணி நேரம் போயிருக்கும். என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, மேல் வரிசையில மூணாவது, கீழ ஓரத்துல இருக்கறது. ரெண்டும் ஒரே ஆளு. நீ பாரேன்."

குனிந்து பார்த்தேன். இரண்டிலும் அந்த 'க' கடைசிக் கோட்டில் அதே இடத்தில் வழுக்கியிருந்தது.