சிக்கிஹோர் தீவில் நாட்டு வைத்தியரைத் தேடி மூன்று பயணங்கள்

கழுத்தைத் திருப்ப முடியாமல் மூன்று வாரம் அவதிப்பட்டேன். எக்ஸ்ரேயில் கோளாறு எதுவும் இல்லை. மாத்திரை தீர்ந்ததும் வலி திரும்பிவிடும். பிலிப்பைன்ஸின் துமகெட்டே நகரில் என்னுடன் வேலை பார்க்கும் தோழிதான் வழி சொன்னாள். கடலைத் தாண்டினால் சிக்கிஹோர். அங்கே சான் அன்டோனியோ மலையில் அவள் அம்மா வழக்கமாகப் போகும் மனனம்பால் இருக்கிறார். மணிலாப் பக்கம் அல்புலார்யோ என்பார்கள். இந்த விசாயா தீவுப் பகுதியில் நாட்டு வைத்தியருக்கு மனனம்பால் என்று பெயர்.

முதல் முறை வெள்ளிக்கிழமை போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஏழு வெள்ளிக்கிழமையும் வேர், பட்டை, இலை சேகரிக்கப் போய்விடுவார்களாம். தீவில் சிறுபிள்ளைக்கும் தெரிந்த இந்த விஷயத்தை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அந்த மாதங்களில் போகிறவர்கள் வெள்ளியைத் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாவது முறை டிரைசைக்கிள்காரர் வேறொரு வீட்டில் இறக்கிவிட்டார். வாசலிலேயே கட்டணப் பலகை. அங்கிருந்தவர் கண்ணாடிக் குவளையில் தண்ணீரும் கல்லும் போட்டு, குழலால் ஊதிக்கொண்டே என் உடம்பெல்லாம் நகர்த்தினார். போலோ-போலோ என்னும் அந்தச் சடங்கை நம்பி வருகிறவர்கள் பலர். அதை நான் குறை சொல்லவில்லை. எங்கே வலிக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல், வசிய மருந்துப் புட்டியை நீட்டி விலை சொன்னாரே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

மூன்றாவது முறை தோழியையே கூட்டிக்கொண்டு விடியற்காலையில் போனேன். எனக்கு முன்னால் காய்ச்சலில் துவண்ட குழந்தையோடு ஒரு தாய். நானாய், அதாவது 'அம்மா', என்று அழைக்கப்படும் அந்த மனனம்பால் குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். உடனே சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லி, காணிக்கைப் பெட்டியைத் திறந்து வண்டிக்காசும் எடுத்துக் கொடுத்தார்.

என்னிடம் முதலில் கேட்டது, "கீழே விழுந்தாயா? படம் எடுத்தாயா?" பிறகு தேங்காய் எண்ணெயில் தோய்த்த வாழையிலைக் கீற்றைக் கழுத்திலிருந்து தோள்பட்டைக்கு இழுத்தார். வழுக்கிக்கொண்டே வந்த இலை ஓரிடத்தில் ஒட்டி நின்றது. என் வலி அங்கேதான். அந்த இடத்தைக் கட்டைவிரலால் அரைமணி நேரம் நீவினார். வைத்தியம் முடிந்து கொடுத்த இலைக்கட்டை முகர்ந்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது: நொச்சி! இங்கே லகுந்தி. அரசு சுகாதாரத் துறை பரிந்துரைக்கும் பத்து மூலிகைகளில் அதுவும் ஒன்று. இருமலுக்கு மருந்துக்கடையில் சிரப்பாகவே கிடைக்கிறது.

கட்டணம் கேட்கவில்லை; பெட்டியில் மனதுக்குப் பட்டதைப் போட்டேன். இன்னொன்று, ஹிலோட் என்கிற இந்த நீவல் முடிந்த அன்று குளிக்க விடமாட்டார்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு அந்த வெயிலில் படகேற வேண்டியிருக்கும். மாற்றுச் சட்டை எடுத்துப் போங்கள்.