சுவரில் ஒட்டியிருக்கும் ‘ழ’

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கல்யாண அட்டை மாடலைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரைத்தான் பார்க்கிறார்கள். கண் உயரத்தில் ஒரு வெள்ளைத் தாள். அதன் நடுவில் சின்னதாக ஒரே ஒரு ‘ழ’. “இது என்னண்ணே, ஏதாவது வேண்டுதலா?” என்று கேட்டவர்கள்கூட உண்டு. தக்கலையில் 18 வருஷமாக டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கோயில் கொடை நோட்டீஸ், சபைக் கன்வென்ஷன் நோட்டீஸ், புதுமனை புகுவிழா அட்டை, எல்லாம் டைப் செய்வேன். அந்த ‘ழ’ மட்டும் யாருக்கும் டைப் செய்தது இல்லை. அது என் தலைசுற்றலுக்கு மருந்து. வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

போன வருஷம் ஆடிக் காற்று. வீட்டுக்குப் பின்னால் தென்னை விளையில், கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டு நின்றேன். காய்ந்த ஓலை ஒன்று மட்டையோடு கழன்று விழுந்தது. தேங்காயாக இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். மட்டையின் அடிப்பகுதி தலையின் வலது பக்கம் பட்டு, பிடரியை உரசிக்கொண்டு இறங்கியது. மயங்கி விழவில்லை. துவைக்கிற கல்லைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். ஓடிவந்த மனைவியிடம் “நான் பல்லு தேச்சாச்சா?” என்று மூன்று தடவை கேட்டேனாம். எனக்கு அது நினைவே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை, எலும்பும் முறியவில்லை. “மூளை குலுங்கியிருக்கு, அது ஸ்கேன்ல தெரியாது” என்றார் டாக்டர். திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, கை கால் வலுவிழந்தாலோ, எழுப்பியும் சரியாக எழும்பாவிட்டாலோ உடனே தூக்கிக்கொண்டு வரும்படி மனைவியிடம் சொன்னார். இல்லாவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தானாகச் சரியாகிவிடும் என்றார். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் சரியாகிறது. எனக்கு ஆகவில்லை.

பிடரியில் கிளம்பி வலது கண்ணுக்குப் பின்னால் போய் உட்காரும் ஒரு வலி. படுக்கையில் வலது பக்கம் புரண்டால் கூரை சுற்றும். கம்ப்யூட்டர் முன்னால் கால் மணி நேரம் இருந்தால் எழுத்துகள் மிதக்க ஆரம்பிக்கும். பிழைப்பே எழுத்தைப் பார்ப்பதுதான் என்கிறவனுக்கு இது எப்படி இருக்கும்? ஆவணி முகூர்த்த சீசனில் ஓர் அட்டையில் மாப்பிள்ளையின் இன்ஷியலைப் பெண்ணுக்கும், பெண்ணின் இன்ஷியலை மாப்பிள்ளைக்கும் போட்டுவிட்டேன். புரூஃப் பார்த்ததும் நான்தான். 400 அட்டை, என் கைக்காசில் மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன். பெண்ணின் அப்பா கோபப்படவில்லை. “உடம்பைப் பாருங்க தம்பி” என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூட மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும்.

புரட்டாசியில் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து நவராத்திரிக்குச் சாமி சிலைகள் திருவனந்தபுரம் புறப்படும். சரஸ்வதி அம்மன் யானை மேல் போவதைப் பார்க்காமல் இருந்த வருஷம் எனக்கு ஞாபகமில்லை. அந்த முறை செண்டைச் சத்தமும் கூட்டமும் வெயிலும் சேர்ந்து ஐந்து நிமிஷத்தில் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டன. வீட்டுக்கு வந்து இருட்டறையில் படுத்துக்கொண்டேன். இருட்டறையில் படுப்பதையே அப்போது வைத்தியமாக நினைத்திருந்தேன். அது முக்கால் பங்கு தப்பு என்று பின்னால் தெரிந்தது. முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு போதும், அதற்குப் பிறகு மெல்ல நடக்க வேண்டும் என்பதுதான் இப்போதைய முறை. நான் மாதக்கணக்காகச் சுருண்டு கிடந்தேன்.

கனடாவில் இருக்கிற அக்கா போனில், “லேய், நீ ஒரு கைரோபிராக்டரைப் பாரு” என்றாள். முதுகெலும்பையும் கழுத்தையும் கையால் தள்ளி வைத்தியம் பார்ப்பவர். அவள் கார் பின்னாலிருந்து இடிபட்டுக் கழுத்து வலியில் கிடந்தபோது அங்கே ஒருவர்தான் சரியாக்கினாராம். அங்கே அவர்களுக்கு நாலு வருஷப் படிப்பு, சட்டப்படி பதிவு எல்லாம் உண்டு. 1895இல் அமெரிக்காவில் அயோவா மாகாணத்து டேவன்போர்ட்டில் பால்மர் என்பவர் தொடங்கியது இந்த முறை. காது கேளாத ஒரு துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பைத் தள்ளியதும் அவருக்குக் காது கேட்டது என்பது அவர்கள் சொல்லும் கதை. எனக்கு அந்தக் கதையில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் அக்காவின் கழுத்து சரியானது என் கண் முன்னால் இருந்ததே.

அப்புறம் நான் செய்தது முழுக்க என் அவசரம். போனில் ‘டக், டக்’ என்று கழுத்தைச் சொடுக்கும் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். நம் மாவட்டத்திலேயே ஒருவர் செய்கிறார் என்று தெரிந்ததும் பஸ் ஏறிவிட்டேன். ஊரும் பேரும் வேண்டாம். சின்ன அறை, முதுகெலும்புப் படம், ஸ்டாண்டில் ஒரு மொபைல். வீடியோ எடுக்கச் சம்மதமா என்று கேட்டார். அவர் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். எப்போது அடிபட்டது, ஸ்கேன் இருக்கிறதா, தலை எந்தப் பக்கம் திரும்பினால் சுற்றுகிறது, எதுவும் கேட்கவில்லை. இதை எங்கே படித்தார் என்று நானும் கேட்கவில்லை. தாடையைப் பிடித்தார், “ரிலாக்ஸ்” என்றார், ஒரு வெட்டு. சத்தம் கேட்டது. வீடியோவில் பார்த்த அதே சத்தம்.

அன்று சாயங்காலம் கழுத்து லேசாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் காலையில் எழுந்ததும் வீடே கவிழ்ந்தது. வாந்தி. பழைய டாக்டரிடமே ஓடினோம். பேசச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், இரண்டு கையையும் நீட்டச் சொன்னார், மூக்கைத் தொட்டு அவர் விரலைத் தொடச் சொன்னார், தண்ணீர் விழுங்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் திட்டவே ஆரம்பித்தார். மூளையின் பின்பக்கத்துக்கு ரத்தம் கொண்டு போகிற குழாய்கள் கழுத்தெலும்புகளின் பக்கவாட்டு ஓட்டைகள் வழியாகத்தான் ஏறிப் போகின்றன. அடிபட்ட கழுத்தில் அந்தக் குழாயின் உட்சுவர் ஏற்கெனவே கிழிந்திருக்கலாம். அரிதாக, கழுத்தைச் சட்டென்று திருகியதைத் தொடர்ந்தும் கிழிவது உண்டு. அங்கே ரத்தம் உறைந்து மேலே போனால் பக்கவாதம். கிழிசலின் முதல் அடையாளமே கழுத்து வலியும் தலைசுற்றலுமாக இருக்கலாம் என்பதுதான் இதில் கொடுமை. அதாவது நான் எதற்காகக் கழுத்தைக் கொடுத்தேனோ, அதற்காகவே கொடுக்காமல் இருந்திருக்க வேண்டும். அந்த ‘டக்’ சத்தம்கூட எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் இல்லை, மூட்டுக்குள் இருக்கும் நீரில் வாயு குமிழியாகும் சத்தம்தான். விரலைச் சொடுக்கும்போது வருகிற அதே சமாசாரம்.

நம்ம ஊரில் பிறந்தவன் வர்ம ஆசானைப் பார்க்காமல் இருப்பானா? மாமனார் கூட்டிக்கொண்டு போனார். ஆசானுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். உடம்பில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 வர்மப் புள்ளிகள் என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொடுக்கும் பழைய வழியில் வந்தவர். நான் போய் உட்கார்ந்ததும் கழுத்தை நீட்டிவிட்டேன். அவர் கையைக்கூட எடுக்கவில்லை.

“மக்ளே, கழுத்துன்னா விளையாட்டு இல்லையாக்கும். படம் எடுத்தியா?”

“தலைக்கு எடுத்தாச்சு ஆசானே.”

“நான் கழுத்தைக் கேட்டேன்.”

மட்டை எந்தப் பக்கம் பட்டது, அன்று எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன், எந்தப் பக்கம் படுத்தால் சுற்றுகிறது என்று அரை மணி நேரம் கேட்டார். கடைசியில் தோளிலும் முதுகிலும் மட்டும் காயத்திருமேனி தைலம் போட்டுப் பைய தடவினார். கழுத்துக்கு மேலே போகவில்லை. “இது ஒரு நோவு இல்ல, ரெண்டு மூணு சேர்ந்து கெடக்கு. பிரிச்சுப் பாக்கணும்” என்றார். தைலம் என்ன செய்ததோ தெரியாது, அன்று ராத்திரி ஒரே தூக்கம். அவர் சொன்ன அந்த வார்த்தை மட்டும் அப்படியே நின்றது.

பிரித்துப் பார்த்தது நாகர்கோவிலில் ஒரு பிசியோதெரபி டாக்டரம்மா. கழுத்துக்கும் படம் எடுத்துப் பிரச்சினை இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் போனேன். வில்லுக்குறி, தோட்டியோடு, சுங்கான்கடை என்று ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு போன பஸ் பயணம் தனிக் கதை, அதை விடுங்கள்.

முதல் வேலையாக என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை வலது பக்கம் திருப்பிப் பிடித்து, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். தலை கட்டிலுக்கு வெளியே லேசாகத் தொங்கியது. மேலே இருந்த ஃபேன் நின்றுதான் இருந்தது, ஆனால் எனக்குச் சுற்றியது. “கண்ணை மூடாதீங்க அண்ணே, நான் கண்ணைத்தான் பார்க்கேன்” என்றார். கருவிழி துடித்ததை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். உட்காதில் சுண்ணாம்புத் துகள்கள் ஓரிடத்தில் ஒட்டியிருக்குமாம். அடியில் அவை உதிர்ந்து, பக்கத்தில் இருக்கும் அரைவட்டக் குழாய்க்குள் போய் உருளுகின்றன. அதனால்தான் புரண்டால் சுற்றுகிறது. எப்ளி என்கிற டாக்டர் வகுத்த முறையில் தலையை நான்கு நிலைகளில் வைத்து, ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் பிடித்திருந்து, துகள்களை உருட்டி வெளியே கொண்டுவந்தார். இரண்டு தடவை போனேன். படுக்கைச் சுற்றல் போய்விட்டது. மாத்திரை இல்லை, சொடுக்கு இல்லை.

அடுத்தது தலைவலி. மண்டையோட்டுக்குக் கீழே, பிடரியில் ஓரிடத்தைக் கட்டைவிரலால் அமுக்கினார். வலி நேராகக் கண்ணுக்குப் பின்னால் போய் நின்றது. “இதுதானா?” என்றார். இதேதான்! கழுத்தின் மேல்பகுதி மூன்று நரம்புகளும் முகத்தின் உணர்ச்சி நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன. அதனால் கழுத்து அழுதால் கண் கண்ணீர் விடுகிறது. அங்கே அவர் கையால் மென்மையாக அசைத்துவிட்டார். வெட்டு இல்லாத அசைவு. அக்காவின் கனடா ஆளும் அநேகமாக இப்படித்தான் செய்திருப்பார் என்று பின்னால் தோன்றியது, போனில் கேட்டேன். முதல் நாள் முழுக்க அவர் கேள்விதான் கேட்டாராம், தொடவே இல்லையாம். இதை அவள் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

மூன்றாவதுதான் ‘ழ’. கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் எழுத்து. கண்ணை அதிலிருந்து எடுக்காமல், தலையை மட்டும் “இல்லை, இல்லை” என்பதுபோல ஆட்ட வேண்டும். எழுத்து அசையாமல் நிற்க வேண்டும். எந்த எழுத்து வேண்டுமானாலும் போடலாம் என்றார் டாக்டரம்மா. நான் ‘ழ’ போட்டேன், வளைவும் சுழிவும் உள்ள எழுத்து, கலங்கினால் உடனே தெரியும். முதல் வாரத்தில் அது ‘ழ’வா ‘மு’வா என்றே தெரியாமல் இழுகியது.

இன்னொரு பயிற்சிக்கு வட்டத்துக்குள் வட்டமாக ஒரு குறியை நானே கோரல்டிராவில் வரைந்து பிரிண்ட் எடுத்தேன். தொப்பியில் ஒரு லேசர் லைட்டை ரப்பர் பேண்டால் கட்டி, மூன்றடி தள்ளி உட்கார்ந்து, புள்ளியை நடுவில் வைத்துக் கண்ணை மூட வேண்டும். தலையை ஒரு பக்கம் திருப்பி, நடுவுக்கே திரும்பி வந்துவிட்டோம் என்று தோன்றும்போது கண்ணைத் திறக்க வேண்டும். சிவப்புப் புள்ளி நான்கு விரற்கடை தள்ளி நின்றது. என் கழுத்துக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியவில்லை! இப்போது ஒரு விரற்கடைக்குள் வருகிறது.

கழுத்துக்குக் கை வைத்தியம், அதோடு இந்தத் தலைசுற்றல் பயிற்சி, இரண்டையும் சேர்த்துச் செய்து பார்த்த ஒரு ஆய்வு கனடாவின் கால்கரியிலிருந்து 2014இல் வந்திருக்கிறது. விளையாட்டில் அடிபட்டவர்கள் 31 பேர், வயது 12 முதல் 30. எட்டு வாரத்தில், அந்தப் பயிற்சி பெற்ற 15 பேரில் 11 பேர் மறுபடி விளையாடலாம் என்று டாக்டர்கள் சொல்லும் அளவுக்குத் தேறினார்கள். பயிற்சி பெறாதவர்களில் முடிவுக் கணக்கில் வந்த 14 பேரில் ஒருவர்தான். சின்ன ஆய்வு, எல்லாரும் இளவட்டம். எனக்கு வயது 44, நான் விளையாடியது கடைசியாகப் பத்தாம் வகுப்பில். இருந்தாலும் அந்தப் 11ஐப் படித்த அன்று இரண்டு தடவை அதிகமாகத் தலையாட்டினேன்.

இப்போது தினமும் காலையில் அரை மணி நேரம் நடக்கிறேன். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை கம்ப்யூட்டரை விட்டு எழும்புகிறேன். நாள் முழுக்க வேலை நெருக்கினால் சாயங்காலம் பிடரி முணுமுணுக்கும். புரூஃப் மட்டும் இனி மனைவியும் பார்ப்பாள், அது எங்கள் வீட்டுச் சட்டம்.

போன வாரம் விளையில் காய்ந்த மட்டைகளை வெட்ட ஆள் வந்தார். கதையைக் கேட்டுவிட்டு, இடுப்பில் வெட்டுக்கத்தியைச் செருகியபடியே என் கழுத்தை உற்றுப் பார்த்தார்.

“இதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு? ஒரு திருப்பு திருப்பினா தீந்துது. நான் செய்யட்டா?”

“நீங்க முதல்ல மரத்துல ஏறுங்கண்ணே” என்றேன்.