கன்னியாவில் மருமகள் கேட்ட கேள்வி

நேற்று அக்காவின்ர மகளைக் கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஏழு கிணற்றிலும் வாளியால அள்ளி ஊத்தி, ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு எண்டு துள்ளினாள். பிறகு கேட்டாள்: "மாமா, இந்தச் சுடுதண்ணிக்குள்ள கிருமி எல்லாம் செத்திடும்தானே?"

நுண்ணுயிரியல் படிக்கிறவனிட்ட இதைவிட நல்ல கேள்வி கேட்கேலாது.

எல்லாம் சாகாது பிள்ளை. 1966 இல் தோமஸ் புரொக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃபிரீஸும் அமெரிக்காவின் யெலோஸ்டோன் வெந்நீரூற்றிலிருந்து ஒரு பக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். பெயர் தேர்மஸ் அக்குவாட்டிகஸ். 70 பாகை செல்சியசில் அது சுகமாகப் பெருகும். மரபணுப் பொருளைப் (டிஎன்ஏ) பிரதி எடுக்கிற அதன் நொதியம் 95 பாகைச் சூட்டையும் தாங்கும். டிஎன்ஏயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கிப் பிரதி எடுத்துக் கிருமியைக் கண்டுபிடிக்கிறதுதான் பிசிஆர் சோதனை; சூட்டில அழியாத இந்த நொதியத்தாலதான் அது இவ்வளவு இலகுவானது. கொரோனா நேரம் மூக்குக்குள்ள குச்சி விட்டு எடுத்தது ஞாபகம் இருக்கா? அதுக்குப் பின்னால நிண்டதும் ஒரு வெந்நீரூற்றுத்தான்.

கிருமி எண்டால் வருத்தம் எண்டு மட்டும் சொல்லிப் பிள்ளைகளை வளர்க்கிறம். எனக்கு அது பெரிய கவலை. வீட்டுக்கு வந்து கிண்ணியாத் தயிர் முட்டியைத் திறந்து காட்டினேன். எருமைப்பாலின் சீனியைப் பக்டீரியாக்கள் அமிலமாக்க, புரதம் திரண்டு கட்டியாகுது; முட்டியின் மண் மிச்சத் தண்ணியை உறிஞ்சுது.

பிறகு வளவில ஒரு கச்சான் செடியைப் பிடுங்கினோம். வேர் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சு. ஒண்டை நகத்தால பிளந்தாள், உள்ளுக்குள்ள இளஞ்சிவப்பு. காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு உரமாக்கிற பக்டீரியாக்கள் அங்க வேலையில இருக்கு எண்டதுக்கு அந்த நிறம்தான் சாட்சி.

"இன்னொண்டு பிடுங்கித் தாங்கோ மாமா" எண்டாள்.